குளிருக்குப் பயந்து வருவதில்லை: கோடியக்கரைப் பறவைகளின் வலசையைப் புரிந்துகொள்ள

கார்த்திகை மழை சற்று ஓய்ந்ததும் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் வெளியூர் வண்டிகள் கூடிவிடுகின்றன. வண்டியை விட்டு இறங்கிச் சதுப்பின் ஓரத்தில் நிற்பவர்கள், தொலைவில் தெரியும் வெண்ணிற வரிசையைக் காட்டி, "இதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சிலர் சைபீரியா என்பார்கள். அங்கே குளிர் தாங்காமல் இங்கே வந்து, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, வெயில் ஏறியதும் குஞ்சுகளுக்கு வழிகாட்டிக்கொண்டு குடும்பத்தோடு திரும்பிவிடுகின்றன என்று அந்த விளக்கம் முடியும். இந்தச் சில வரிகளுக்குள் நான்கு பிழைகள் இருக்கின்றன. புறப்பட்ட இடம், வந்த காரணம், இங்கே செய்யும் வேலை, பயணம் செய்யும் முறை ஆகிய நான்குமே தவறு.

இதைத் திருத்துவது அறிவைக் காட்டிக்கொள்வதற்காக அன்று. ஒரு பறவை எதற்காக இங்கே வந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான், அதை எப்போது, எங்கே, எவ்வளவு தொலைவில் நின்று பார்க்க வேண்டும் என்பதும் தெரியவரும்.

முழங்கை போன்ற ஒரு கரை

தமிழ்நாட்டின் கிழக்குக் கரை வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் முழங்கையை மடக்கியது போல மேற்கே திரும்புகிறது. அந்த முழங்கைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, அதற்கு அப்பால் இலங்கை. உள்ளே வெளிமான்கள் திரியும் புல்வெளியும் உலர்ந்த பசுமைமாறாக் காடும் இருக்கின்றன. மேற்கே வேதாரண்யம் சதுப்பு தொடங்கி, உப்பளங்களை இடையிடையே கொண்டு, முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு வரை நீள்கிறது. 1967ஆம் ஆண்டில் இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல், சதுப்பும் அலையாத்தியும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஈரானின் ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலக அளவில் முக்கியமானவை என்று நாடுகள் ஒப்புக்கொண்ட ஈரநிலங்களின் பட்டியல் அது. தமிழ்நாட்டிலிருந்து முதலில் அதில் சேர்ந்தது இந்த இடம்தான்.

கீதாரியும் கிடையும்

வலசை என்ற சொல்லைப் பலர் "வெளிநாட்டிலிருந்து வருவது" என்ற பொருளில் ஆள்கிறார்கள். அதன் உண்மையான பொருளைப் புரிந்துகொள்ள, டெல்டாவில் ஆண்டுதோறும் நடக்கும் ஒன்றை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டிடையர்கள், தங்கள் ஊரில் மேய்ச்சல் தீரும் காலத்தில் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சை, நாகைப் பக்கம் வருவார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்பவர் கீதாரி. தையில் அறுவடை முடிந்த வயல்களில் தாளும் புல்லும் கிடக்கும். ஆடுகள் பகலில் அங்கே மேயும், இரவில் அந்த வயலிலேயே கிடை போடப்படும். அடுத்த சாகுபடிக்கு வயல் தயாராகும்போது மேய்ச்சல் இல்லாமல் போகும். அதற்குள் ஊர்ப்பக்கம் மழை பெய்து புல் தழைத்திருக்கும் என்பதால் மந்தை திரும்பிவிடும். கீதாரி தம் ஊரின் வெயிலுக்குப் பயந்து வருவதில்லை, டெல்டாவின் அழகைப் பார்க்கவும் வருவதில்லை. இரண்டு இடங்களில் வெவ்வேறு மாதங்களில் மேய்ச்சல் திறப்பதை அறிந்து, இரண்டுக்கும் நடுவே போய்வருகிறார்.

பறவையின் வலசையும் இதுதான். இனப்பெருக்கம் செய்யும் இடத்துக்கும், ஆண்டின் மற்றக் காலத்தில் வாழும் இடத்துக்கும் இடையே, ஏறத்தாழ ஒரே பருவத்தில் ஆண்டுதோறும் போய்த் திரும்பும் பயணம் வலசை எனப்படும். எல்லையைத் தாண்டுவது அதன் இலக்கணம் ஆகாது. ஒரே நாட்டுக்குள்ளும், ஒரே மலையின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையிலும்கூட வலசை நடக்கிறது.

குளிரா, பசியா?

இறகு மிகச் சிறந்த கம்பளி. கடுங்குளிரிலேயே ஆண்டு முழுதும் வாழும் பறவைகள் வடக்கே இருக்கின்றன. டார்மிகன் என்ற கோழியினப் பறவை பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளிகளையும் மொட்டுகளையும் தின்று குளிர்காலத்தைக் கழிக்கிறது. உணவு கிடைத்தால் குளிரைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு அதுவே சான்று.

இங்கே வரும் சிறு கரைப்பறவைகளின் நிலை வேறு. கரைப்பறவை என்பது, நீரும் நிலமும் சேரும் ஈரச் சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி போன்ற பறவைகளுக்குப் பொதுப்பெயர். அவற்றின் உணவெல்லாம் சேற்றுக்குள் இருக்கும் புழு, பூச்சி, சிறு நத்தை, நண்டுக்குஞ்சு. சேறு உறைந்து கல்லானால் அலகு இறங்காது. ஆகவே அவற்றைத் துரத்துவது குளிரால் மூடப்படும் உணவறைதானே தவிர, குளிர் நேராகத் துரத்துவதில்லை.

அப்படியானால் அவ்வளவு தொலைவு வடக்கே ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். சைபீரியாவின் வடகோடியில், துருவத்தை ஒட்டி, மரமே இல்லாத பெரும் சமவெளி இருக்கிறது. அதை டன்ட்ரா என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி பனியில் கிடக்கும் அந்த நிலம் ஜூன், ஜூலை மாதங்களில் இளகும். அப்போது அங்கே சூரியன் மறைவதே இல்லை. குட்டைகளிலிருந்து கொசுவும் ஈயும் கோடிக்கணக்கில் கிளம்பும். உள்ளான் குஞ்சுகள் பொரித்த அன்றே எழுந்து நடந்து தாமே பூச்சி பிடிப்பவை என்பதால், இருபத்துநான்கு மணி நேரமும் வெளிச்சமும் காலடியெல்லாம் பூச்சியும் கிடைக்கும் இடம் அவற்றுக்கு வேறில்லை. கோடியக்கரையின் மிக நீண்ட பகலும் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. கோடையில் நம் சதுப்பின் பெரும்பகுதி வறண்டு உப்புப் படலமாகிவிடும். காகமும் பருந்தும் நரியும் நாயும் வேறு இருக்கின்றன. தரையில் கூடு வைக்கும் சிறு பறவைக்கு இங்கே குஞ்சு வளர்ப்பது எளிதன்று.

டன்ட்ராவின் அந்த விருந்து ஏறத்தாழ இரண்டு மாதம்தான். அது முடியும் வேளையில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. சதுப்பு நிறைந்து, பிறகு மெல்ல வற்றும்போது புதிது புதிதாகச் சேறு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு களஞ்சியம் மூடும்போது மற்றொன்று திறக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வலசை என்பது எதிரெதிர்ப் பருவங்களில் திறக்கும் இரண்டு உணவிடங்களுக்கு இடையிலான போக்குவரத்து. வடக்கே குஞ்சு வளர்ப்பு, இங்கே உடலைத் தேற்றிக்கொள்வது. கரைப்பறவைகள் குளிர்காலத்தில் நம் கரைக்கு முட்டையிட வருவதில்லை.

யார் எங்கிருந்து வருகிறார்கள்

ஆஸ்திரேலியா என்ற எண்ணத்தை ஒரே கேள்வியால் தீர்க்கலாம். மார்கழியில் ஆஸ்திரேலியாவில் என்ன பருவம்? பூமியின் தென்பாதியில் அது கோடைக்காலம். அங்கே கூடு கட்டும் பறவை அந்த நேரத்தில் வடக்கே பறந்து வரக் காரணமே இல்லை. உண்மையில், நம்மிடம் வரும் வளைமூக்கு உள்ளானின் உறவுகளில் ஒரு பகுதி, அதே டன்ட்ராவிலிருந்து கிளம்பி, அதே மாதங்களைக் கழிக்க ஆஸ்திரேலியக் கரைக்குப் போகிறது. அங்கேயும் அவை விருந்தாளிகள். தென்கோடியிலிருந்து நம் கடலுக்கு வரும் பறவையும் இல்லாமல் இல்லை. அண்டார்க்டிகாவில் கூடு வைக்கும் வில்சன் புயற்பறவை இந்தியப் பெருங்கடலுக்கு வருகிறது. ஆனால் அது வருவது தென்பாதியின் குளிர்காலமான நம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான். விதி ஒன்றே, திசை மட்டும் மாறுகிறது.

கோடியக்கரையில் குளிர்காலத்தில் தெரியும் பறவைகள் ஒரே ஊர்க்காரர்கள் அல்லர். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் துருவத்தை ஒட்டிய டன்ட்ராவிலிருந்து வருகின்றன. கோடியக்கரைக்கும் சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்துக்கும் நேர்கோட்டுத் தொலைவு மட்டும் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். உப்புக்கொத்திகளில் ஒரு வகை திபெத், பாமீர் ஆகிய உயர்ந்த மேட்டுநிலங்களில் கூடு வைத்துவிட்டுக் கடல்மட்டத்துக்கு இறங்கி வருகிறது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கு ஆசியாவின் ஏரிகளையும் சதுப்புகளையும் விட்டு வருபவை.

எல்லாரும் கைநீட்டிக் காட்டும் அந்த வெண்ணிற வரிசை பூநாரை. அதற்குத்தான் மிக நீண்ட முகவரிகளைச் சூட்டுகிறோம். ஆஸ்திரேலியாவில் இன்று காட்டில் வாழும் பூநாரையே கிடையாது, சைபீரிய டன்ட்ராவிலும் அது கூடு வைப்பதில்லை. இந்தியாவில் அதன் பெரிய இனப்பெருக்க இடம் குஜராத்தின் கட்ச் பெருவெளி. மழைக்குப் பின் அங்கே உப்புநீர் பரந்து நிற்கும்போது, சேற்றைக் குவித்து ஆயிரக்கணக்கான மேடைக் கூடுகளை அமைக்கும். ஆகவே கோடியக்கரைப் பூநாரையைச் சைபீரியப் பறவை என்பதைவிட நம் நாட்டுப் பறவை என்பதே பொருந்தும்.

காட்டுக்குள் போனால் ஆறுமணிக்குருவியைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. விடியலிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது அது. பயணத்தில் களைத்து வீட்டு முற்றத்தில் வந்து விழும் ஒன்பது நிறப் பறவையைப் பற்றிக் கிழக்குக் கரை ஊர்களில் யாராவது சொன்னால், பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும்.

வேடந்தாங்கலையும் இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முட்டையிட வருகின்றன என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் முதலியவை இங்கேயே வாழ்பவை அல்லது இந்தியாவுக்குள் இடம் மாறுபவை. மழைக்குப் பின் மீனும் நத்தையும் மலிந்திருப்பதால் அவை அந்தக் காலத்தில் குஞ்சு வளர்க்கின்றன. அது கூடு காணும் இடம். கோடியக்கரைச் சேற்றுவெளி சாப்பாட்டுக் கூடம். இரண்டையும் "பறவைகள் சரணாலயம்" என்ற ஒரே சொல்லில் அடக்கும்போது வேறுபாடு மறைந்துபோகிறது.

கட்டுச்சோறு

கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்த எடை தெரியும். இந்த உடலைக்கொண்டு அது கண்டத்தைக் கடக்கிறது.

முன்பெல்லாம் நெடும்பயணம் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொள்வார்கள். பறவையின் கட்டுச்சோறு கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தரும்போது, ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 தருகிறது. எரியும்போது நீரும் உண்டாவதால், வழியில் தாகத்துக்கும் ஓரளவு அதுவே ஈடுகொடுக்கும். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் பறவை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆர்வத்தோடு தின்னத் தொடங்கி, தோலுக்கு அடியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டின் எல்லை எவ்வளவு தொலைவு போகும் என்பதைப் பட்டைவால் மூக்கன் காட்டியது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஓர் இளம் பறவை, முதுகில் பொருத்திய சிறு கருவியோடு அலாஸ்காவிலிருந்து கிளம்பி, 11 நாள் இரவும் பகலும் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. மூக்கனால் கடல்நீரில் மிதந்து இளைப்பாற முடியாது என்பதை நினைவில் வைத்தால்தான் இதன் அருமை தெரியும். அந்தப் பறவைகள் கிளம்பும்போது உடல் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பாக இருக்கும். பறக்கும்போது தேவைப்படாத இரைப்பையும் குடலும் புறப்படும் முன்பே சுருங்கிவிடுகின்றன.

நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் இப்படி ஒரே வீச்சில் வருவதில்லை. ராமேசுவரம் போன யாத்திரிகர்கள் கிழக்குக் கரையின் சத்திரங்களில் தங்கித் தங்கிப் போனதைப் போல, அவை ஏரி, கழிமுகம், உப்பளம் என்று இடையில் இறங்கி உண்டு மீண்டும் கிளம்புகின்றன. அந்த இடங்களை இளைப்பாறுமிடங்கள் என்று சொல்வோம். சத்திரம் ஒன்று மூடிக்கிடந்தால் யாத்திரிகர் பசியோடு அடுத்த சத்திரம் வரை நடந்துவிடலாம். கொழுப்புத் தீர்ந்த பறவைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வழியும் நாளும்

அடுத்த பிழை, மூத்த பறவைகள் குஞ்சுகளுக்கு வழிகாட்டி அழைத்து வருகின்றன என்பது. கொக்கு, வாத்து இனங்கள் சிலவற்றில் இது உண்மை. கரைப்பறவைகள் பலவற்றில் நேர்மாறாக நடக்கிறது. வளைமூக்கு உள்ளானில் ஆண்கள் முதலில் கிளம்பிவிடும், பெண்கள் பின்தொடரும், குஞ்சுகள் இறகு முற்றியபின் கடைசியாகத் தனியே வரும். கோடியக்கரையில் ஆகஸ்டில் மூத்த பறவைகள் வந்திறங்கிய பிறகே இளையவை வந்து சேர்கின்றன. இதற்கு முன் பார்த்திராத கரையை, யாரும் சொல்லாமலே அவை அடைகின்றன.

இது எப்படி என்பதற்கு நல்ல விடை ஓர் ஆய்விலிருந்து கிடைத்தது. நெதர்லாந்து ஆய்வாளர் பெர்டெக், தம் நாட்டின் வழியே வலசை போய்க்கொண்டிருந்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளை (நம் மைனாவின் உறவு) பிடித்து வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடுவித்தார். 1958இல் வெளியான அதன் முடிவு தெளிவாக இருந்தது. முன்பே பயணம் செய்திருந்த மூத்த பறவைகள் தாம் இடம் மாற்றப்பட்டதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்தை நோக்கிப் போயின. முதன்முறை பயணம் செய்த இளையவை, பிறவியிலேயே பெற்ற திசையில் அப்படியே பறந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன. ஆகவே குஞ்சுக்குப் பிறப்பிலேயே கிடைப்பது இந்தத் திசையில் இவ்வளவு காலம் பற என்ற அளவுதான். இடத்தின் நினைவு அனுபவத்தால் சேர்வது. திசையை அறிய அவை பகலில் சூரியனையும், இரவில் விண்மீன்கள் சுழலும் மையத்தையும், பூமியின் காந்தப்புலத்தையும் பயன்படுத்துகின்றன.

நாள் எப்படித் தெரிகிறது? வடக்கே பகல் வேகமாகக் குறைவதே எச்சரிக்கை மணி. ஆனால் கோடியக்கரையில் பகலின் நீளம் ஆண்டு முழுதும் அதிகம் மாறுவதில்லை. இங்கே இருக்கும் பறவைக்கு, வடக்கே பனி உருகப் போகிறது என்று யார் சொல்வது? வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மாறாமல் வைத்த அறைகளில் வளர்த்த பறவைகளும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் கொழுப்புச் சேர்ப்பதும் இறகு மாற்றுவதும் இரவில் அமைதியின்றித் துடிப்பதும் கண்டறியப்பட்டிருக்கின்றன. உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. வெளியே மாறும் பகல் அதைத் திருகிச் சரிசெய்கிறது.

சுருக்கமாக: கொழுப்பு வழிச்செலவு, இளைப்பாறுமிடங்கள் சத்திரங்கள், திசை பிறவியில் வருவது, நாளைச் சொல்வது உடலுக்குள் இருக்கும் கடிகாரம்.

காலில் ஒரு வளையம்

இவையெல்லாம் ஊகம் அல்ல. 1899இல் டென்மார்க்கின் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர், எண் பொறித்த உலோக வளையங்களைப் பறவைகளின் காலில் மாட்டித் தொடங்கிவைத்த முறை வளையமிடல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் இந்தியாவில் இதைப் பெரிய அளவில் நடத்திவருகிறது. பறவையியலாளர் சாலிம் அலி தனி அக்கறை காட்டிய இடங்களில் ஒன்றான கோடியக்கரையில் அதற்கு ஓர் ஆய்வு நிலையமும் உண்டு. வளையத்தில் ஓர் எண்ணும், கழகத்துக்குத் தெரிவியுங்கள் என்ற ஆங்கில வாசகமும் இருக்கும். எங்கோ ஓரிடத்தில் அந்தப் பறவை மீண்டும் பிடிபட்டாலோ இறந்து கிடந்தாலோ, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு கிடைக்கிறது. அத்தகைய கோடுகள் சேர்ந்து உருவாகும் அகன்ற பட்டைக்கு வலசைப் பாதை என்று பெயர். அது நெடுஞ்சாலை போல ஒற்றை வழி அல்ல, காவிரி டெல்டாவில் ஆறு பிரிவது போலப் பல கிளைகளாகப் பரவியது. நம்முடையது மத்திய ஆசிய வலசைப் பாதை. துருவக் கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளை அது தொடுகிறது.

சதுப்பின் ஓரத்தில் நிற்கும்போது

இனி, பார்க்கப் போகிறவர்களுக்கு. நவம்பரில் மழை கனத்துச் சதுப்பு ஆழமாக நிறைந்திருந்தால் சிறு கரைப்பறவைகள் நிற்க இடமின்றிச் சிதறிவிடும். அப்போது வாத்துகளைப் பார்ப்பதே எளிது. நீர் இறங்கத் தொடங்கும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது. பூநாரைக்குக் கணுக்கால் முதல் முழங்கால் வரை நீர் வேண்டும், உள்ளானுக்கு ஒரு விரற்கடை போதும் என்பதை நினைவில் வைத்தால், நீரின் ஆழத்தைப் பார்த்தே எங்கே என்ன நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

கடலோரம் என்றாலே ஏற்றவற்றத்தைக் கணக்கிட்டுப் போக வேண்டும் என்று பொதுவாக எழுதுவார்கள். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் அது சரி, அங்கே நீர் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வேதாரண்யம் சதுப்பில் மழைநீரின் அளவும் வாடைக்காற்று நீரைத் தள்ளும் போக்குமே சேறு எங்கே வெளிப்படும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. ஆகவே கடலோர ஊர்க்காரரிடம் "இந்த வாரம் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது?" என்று கேட்பது, அட்டவணை பார்ப்பதைவிடப் பயன் தரும். சதுப்பின் உட்பகுதிகளுக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

வெயில் ஏறினால் உப்புத்தரையின் மேல் கானல் அலையும், நல்ல பைனாகுலரிலும் பறவை கரைந்து தெரியும். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் பார்ப்பது நல்லது. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பைனாகுலரில் 8x42 என்றிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். தொடங்குகிறவர்களுக்கு அது போதும்.

புதியவர்களைத் தளரவைப்பது நிறம். குளிர்காலத்தில் கரைப்பறவைகள் எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை என்று ஒன்றுபோலத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு அலகைப் பாருங்கள். ஒரே சேற்றில் இத்தனை வகைகள் சண்டையின்றி உண்ண முடிவது அலகின் நீளத்தால்தான். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. ஓடும், சட்டென நிற்கும், மேலே தெரியும் இரையைக் கண்ணால் பார்த்துக் கொத்தும். கொசு உள்ளான் நிற்காமல் நடந்துகொண்டே, கோழி தவிட்டைக் கொத்துவது போல மேற்பரப்பைக் கொத்தும். வளைமூக்கு உள்ளான் இன்னும் சற்று ஆழத்துக்கு அலகைச் செருகும். பவளக்காலியைச் சிவந்த காலால் அடையாளம் காணலாம், ஆள் நெருங்கினால் முதலில் கத்தி மற்றவற்றை எழுப்பிவிடுவதும் அதுதான். கருவால் மூக்கன் நீண்டு நேரான அலகோடு வயிறு நனையும் ஆழத்தில் நின்று தேடும். கோட்டானின் அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்தது, வளைக்குள் ஒளிந்த நண்டையும் இழுத்துவிடும். (ஊர்வழக்கில் கோட்டான் என்றால் ஆந்தை. பறவை நூல்களில் இந்தக் கரைப்பறவைக்கும் அதே பெயர் வழங்குவதால் குழம்ப வேண்டாம்.) இந்த நீள அலகுகளின் நுனி நம் விரல்நுனியைப் போல உணர்வு மிக்கது. கண்ணால் காணாத இரையைத் தொட்டே அறிகின்றன.

பூநாரை இவை எதிலும் சேராது. தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அலசி, சல்லடையால் சலிப்பது போல நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்கும். அந்த உணவில் உள்ள நிறமிதான் அதன் இறகுக்குச் செம்மை தருகிறது. வெளுத்துச் சாம்பல் கலந்து தெரிபவை இளம் பறவைகள்.

எவ்வளவு தொலைவில்

பூநாரைக் கூட்டம் ஒருசேர எழும்பும்போது சிறகின் உட்புறச் சிவப்பு வானத்தில் விரிவது கண்கொள்ளாக் காட்சிதான். அதற்காகவே கைதட்டியும் கூவியும் சேற்றில் இறங்கி ஓடியும் அவற்றை எழுப்புகிறார்கள். கட்டுச்சோற்றுக் கணக்கு தெரிந்தவர் அதைச் செய்ய மாட்டார். பறத்தல் என்பது நின்று கொத்துவதைவிடப் பல மடங்கு ஆற்றலை எரிக்கும் வேலை. எழுப்பப்பட்ட பறவை சேர்த்ததையும் இழக்கிறது, சேர்க்க வேண்டிய நேரத்தையும் இழக்கிறது. ஒருவர் ஒருமுறை செய்தால் தாங்கிக்கொள்ளும். விடுமுறை நாளில் வண்டி வண்டியாக வருகிற ஒவ்வொருவரும் செய்தால், திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பு சேராது.

அறிகுறிகள் எளியவை. தின்றுகொண்டிருந்த பறவை தலையை உயர்த்தி நின்றால், நீங்கள் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். மேயும் பறவைகள் நெருங்கி ஒன்றுகூடி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அந்த இடத்திலேயே நின்று, இரண்டடி பின்வாங்கி, அசையாமல் உட்கார்ந்தால் பெரும்பாலும் அவை மீண்டும் உண்ணத் தொடங்கும். பொறுமையாக அமர்ந்திருப்பவரை நோக்கி உப்புக்கொத்திகள் தாமாகவே மேய்ந்துவருவதும் உண்டு. துரத்திப் போய் எடுக்கும் படத்தைவிட அது எத்தனையோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1980களோடு ஒப்பிட்டால் கோடியக்கரைக்கு வரும் கரைப்பறவைகள் வெகுவாகக் குறைந்திருப்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. சதுப்புக்கு வந்த நன்னீர் குறைந்தது, உப்பளங்கள் விரிந்தது, நீரின் உப்புத்தன்மை ஏறிச் சேற்றின் உயிர்கள் மாறியது எல்லாம் சேர்ந்த விளைவு அது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மரம் மீண்டும் துளிர்க்கும். நீர்வரத்து மாறிய சதுப்பு தானாகப் பழையபடி ஆவதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் தொடர்கிறது. பறவைகளைப் பெயர் சொல்லி எண்ணத் தெரிந்த பொதுமக்களும் அதில் பங்கேற்கிறார்கள்.

பங்குனியில் ஒருமுறை

குளிர்காலத்தில் மட்டும் போகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். மார்ச் கடைசி, ஏப்ரலில் சுற்றுலாக் கூட்டம் இல்லாத கரையில், அதே சாம்பல் உள்ளான்கள் நிறம் மாறி நிற்கும். வளைமூக்கு உள்ளானின் மார்பும் வயிறும் செங்கல் நிறமாகியிருக்கும். டன்ட்ராவில் துணை தேடுவதற்கான உடுப்பு அது. வயிறு உருண்டு, நடையே கனத்திருக்கும். மாலை மங்கும் நேரத்தில் ஒரு கூட்டம் ஓயாமல் கூப்பிட்டபடி எழுந்து, வட்டமிட்டு, பலமுறை இறங்கி, ஒரு தடவை இறங்காமலே வடக்கு நோக்கிப் போய்விடும்.

எல்லாமே போவதில்லை. ஆனி மாத வெயிலில் சதுப்பு வெடித்துக் கிடக்கும்போதும், எஞ்சிய நீரின் ஓரத்தில் சில சாம்பல் பறவைகள் நின்றிருக்கும். அவற்றை நோயுற்றவை என்றோ வழிதவறியவை என்றோ நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை முந்தைய ஆண்டில் பிறந்து தாமாகவே வழி கண்டு வந்தவை. குஞ்சு பொரிக்கும் வயது வராததால் இந்தக் கோடையை இங்கேயே கழித்துவிட்டு, அடுத்த பங்குனியில் கிளம்பும்.